பழவேற்காட்டுக்குக் கிளம்புமுன்…

கும்மிடிப்பூண்டி மாணவர்கள் மின்சார ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பது சுலபம். திருவள்ளூர் நண்பர்களுக்கு அது வேறு தடம். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டை அப்போதே எடுத்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரமென்றால் ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைக்கும்.

பூநாரை பார்க்கக் குளிர்காலம்தான் சரி. டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஊரிலேயே சுவாரசியமான இடம் அதுதான். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, கல்லறை மேல் ஏறி செல்ஃபி வேண்டாம்.

யார் கூப்பிட்டாலும் படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீச்சல் தெரியும் என்று சொல்லும் நண்பனையும் கரையிலேயே நிறுத்துங்கள்.