கஞ்சா, எண்டோமெட்ரியோசிஸ், 1985 சட்டம்: டாக்டர் சீட்டு இருந்தால் போதுமா?

பொட்டிபுரம்னு சொன்னா நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் ஞாபகம் வரும். ஆனா போடியைச் சுத்தியிருக்கிற ஊர்களிலிருந்து விடியறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்காக்களும் நிறைய. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிஞ்சோ குத்தவைச்சோதான் பறிக்கணும். மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கிற ஒருத்தர் இந்த வேலைக்கு எப்படிப் போவார்? இதே மலையில் கஞ்சான்னா செக்போஸ்ட்டும் கேஸும்தான். ஆனா ஆஸ்திரேலியா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் அந்த வலிக்கே டாக்டர் சீட்டில் கஞ்சா மருந்து வாங்க வழி இருக்கு. நம்ம நாட்டில் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

முதல்ல நோய். கருப்பையின் உள்பக்கம் இருக்கிற படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் குடல் பக்கத்திலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இது இருக்கு. பத்தில் ஒருத்தர். நம்ம கிளாஸில் எத்தனை பெண்கள் இருக்காங்கன்னு நீங்களே எண்ணிக்கோங்க. முழுசா குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கிறதுதானே"ன்னு வீட்டில் சொல்லியே பல வருஷம் ஓடிடுது.

கஞ்சா இதில் எங்கே வருது? நம்ம உடம்பிலேயே கன்னாபினாய்டு ஏற்பிகள் இருக்கு. நரம்பில் மட்டும் இல்லை, கருப்பையிலும். வலியையும் வீக்கத்தையும் கட்டுப்படுத்துவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 2019இல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆன்லைன் சர்வேயில், பதில் சொன்ன எண்டோமெட்ரியோசிஸ் பெண்களில் 13 சதவீதம் பேர் கஞ்சா பயன்படுத்துவதா சொன்னாங்க. வலி குறைஞ்சதுக்கு அவங்க போட்ட சராசரி மார்க் பத்துக்கு 7.6. நல்ல மார்க்தான். ஆனா சர்வே வேற, ட்ரையல் வேற. பலன் கிடைச்சவங்கதான் தொடர்ந்து எடுப்பாங்க, அவங்கதான் ஃபார்மும் நிரப்புவாங்க. டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போ சட்டம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சான்னா செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. சரஸ்னா அதிலிருந்து பிரிச்செடுத்த பிசின். நுனி இல்லாமல் தனியா இருக்கிற இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. வட மாநிலங்களில் அரசு உரிமத்தோட பாங் கடை நடப்பது இந்த இடைவெளியில்தான். கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் "சிறிய அளவு". ஆனா சிறிய அளவுன்னா தப்பிச்சிடலாம்னு அர்த்தம் இல்லை. ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 20 கிலோவைத் தாண்டினால் குறைஞ்சது பத்து வருஷம்.

இதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்கு உண்டுன்னு சொல்லுது. 10ஆம் பிரிவு அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுக்குது. அப்போ டாக்டர் சீட்டு எழுதினா போதுமே? போதாது. விலக்கு இருக்கு, ஆனா எந்த டாக்டர் எழுதலாம், எந்தக் கடை ஸ்டாக் வைக்கலாம், நோயாளி எவ்வளவு கையில் வைச்சிருக்கலாம்னு எதுவும் வகுக்கப்படலை. ஃபங்ஷனை டிக்ளேர் பண்ணிட்டு பாடியைக் காலியா விட்ட கோடு மாதிரி.

இப்படிக் காலியா விட்டால் என்ன ஆகும்னு மார்ஃபின் விஷயத்தில் நாடே பார்த்திருக்கு. புற்றுநோய் வலிக்கு அது அவசியமான மருந்து. 1985க்குப் பிறகு லைசென்ஸ் மேல லைசென்ஸ் கேட்டதால் ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டுட்டாங்க, நோயாளிகள் வலியிலேயே செத்தாங்க. வலிநிவாரண மருத்துவர்கள் பல வருஷம் போராடினதில் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன்னு ஆறு மருந்துக்கு நாடு முழுக்க ஒரே விதி வந்தது. அந்தப் பட்டியலில் கஞ்சா மருந்து இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவைக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்க 27க்கு 25னு ஓட்டு போட்டப்போ, ஆதரிச்ச நாடுகளில் இந்தியாவும் ஒண்ணு. வெளியே ஓட்டு ஒரு பக்கம், உள்ளே விதி இன்னொரு பக்கம்.

இப்போதைக்குத் திறந்திருக்கிற ஒரே வழி ஆயுஷ். ஆயுர்வேதத்தில் இதுக்கு விஜயான்னு பேர். மருந்துச் சட்டத்தின் இ-1 அட்டவணையில், நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருட்களில் ஒண்ணா இது இருக்கு. அதனால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்கணும்கிற எச்சரிக்கை கட்டாயம். ஆன்லைனில் வரும் "இலைச் சாறு" எண்ணெய்கள் இந்த வழியில்தான் விற்கிறாங்க. இலைன்னாலும் போதை தரும் டி.எச்.சி. அதில் இருக்கலாம். உற்பத்தி லைசென்ஸ் எண் இல்லாத பாட்டில், சீட்டே கேட்காத கடை, ரெண்டையும் தொடாதீங்க. மலையிலிருந்து வர்ற பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி., என்ன பூச்சிமருந்துன்னு யாருக்கும் தெரியாது. போலீஸ் பிடிச்சா வலின்னு சொல்றது கேஸைத் தடுக்காது.

வலி இருக்கிறவங்க முதல்ல மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. நம்ம பக்கத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கு. ஸ்கேன், டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோபி எல்லாம் சட்டச் சிக்கலே இல்லாத வழிகள். போறதுக்கு முன்னாடி மூணு மாசத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைங்க: வலி வந்த தேதி, பத்துக்கு எவ்வளவு, மலம் கழிக்கும்போது வலிச்சதா, எத்தனை நாள் கிளாஸுக்கோ வேலைக்கோ போக முடியலை. ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைக்கிற அஞ்சு நிமிஷத்தில் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.