ஒசாகா மீன் காட்சியகம்: போகுமுன்...

பெங்களூரு ஜீவனஹள்ளிப் பிள்ளைகளுக்கு மீன் காட்சியகம் என்றதும் நினைவுக்கு வருவது கப்பன் பூங்காவில் இருப்பதுதான். கோடை விடுமுறையில் ஜப்பான் போகிறவர்கள் ஒசாகாவில் 1990-இல் திறந்த கையூகானையும் அவசியம் காட்டுங்கள்.

நம் விடுமுறைக் காலத்தில்தான் அங்கே 'கோல்டன் வீக்' என்ற தொடர் விடுமுறை வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை கூட்டம் நெரியும். அந்த நாட்களைத் தவிருங்கள். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும் என்பதால் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

எட்டாவது மாடிக்கு ஏறி, நடுவிலுள்ள பெரிய தொட்டியைச் சுற்றிச் சுற்றி இறங்கவேண்டும். 9 மீட்டர் ஆழம், 5,400 டன் நீர். முதல் கண்ணாடியிலேயே திமிங்கிலச் சுறாவைப் பார்க்க முண்டியடிக்காதீர்கள். அதே சுறாவைக் கீழ்த்தளங்களிலும் பார்க்கலாம். அங்கே அது தலைக்கு மேலே நீந்தும்போது வெள்ளை வயிறும், அதில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு மீன்களும் கண்ணில் படலாம். அதுதான் அழகு!

ஃபிளாஷை அணைத்துவிட்டு, செல்போனைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. கண்ணாடியைத் தட்டவே கூடாது, மீன்கள் மிரளும். அங்கே சைவ உணவு கிடைப்பது கடினம் என்பதால், சைவம் சாப்பிடுகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.