மேற்பார்வையாளரின் முதல் பாடம்

என் ராத்தா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடங்கள் மெஷினில் தைத்தார். கொலர் தைப்பதில் அவருடைய லைனில் அவரை மிஞ்ச ஆளில்லை. போன வருடம் அவரையே அந்த லைனுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். இரண்டே வாரத்தில், "எனக்கு இந்தப் பதவி வேணாம், பழையபடி மெஷினுக்கே போறன்" என்று உம்மாவிடம் அழுதார்.

புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி கொலரைக் கோணலாகத் தைத்துவிட்டாள். ராத்தா எல்லோர் முன்னிலையிலும் அவளை ஏசிவிட்டார். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

ராத்தாவிடம் தொழில்நுட்பத் திறன் நிறைய இருந்தது. ஆனால் முகாமையாளருக்கு மனித உறவுத் திறனும் எண்ணக்கருசார் திறனும் வேண்டும் என்று ரொபர்ட் காட்ஸ் 1955இல் எழுதினார். நன்றாகத் தைப்பது ஒரு திறன். தைக்கப் பழக்குவது வேறொரு திறன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவுக்கும் இதே சிக்கல் வந்தது. அனுபவசாலிகள் போர்முனைக்குப் போக, பெண்கள் உட்படப் புதியவர்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். அவர்களைப் பழக்கும் மேற்பார்வையாளர்களுக்காக 1940இல் 'தொழிற்துறைக்குள் பயிற்சி' என்ற திட்டம் தொடங்கியது. வேலையைப் பற்றிய அறிவு, பொறுப்புகளைப் பற்றிய அறிவு, கற்பிக்கும் திறன், வேலைமுறையைச் சீராக்கும் திறன், வழிநடத்தும் திறன் ஆகிய ஐந்தும் மேற்பார்வையாளருக்குத் தேவை என்றது அத்திட்டம். கற்பிக்கும் திறனை 10 மணித்தியாலப் பயிற்சியில் பழக்கினார்கள். யுத்தத்தின் பின் ஜப்பானும் இதனைக் கையாண்டது.

கற்பித்தலின் நான்கு படிகள் இவை:

1. தயார்படுத்தல்: பயத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிதல்.
2. செய்துகாட்டல்: ஒவ்வொரு படியாகக் காட்டி, கவனிக்க வேண்டிய இடத்தையும் அதன் காரணத்தையும் சொல்லுதல்.
3. செய்யவிடல்: அவரே செய்துகொண்டு விளக்கமும் சொல்ல வைத்தல், பிழையை உடனே திருத்துதல்.
4. தொடர்ந்து பார்த்தல்: தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லி, இடையிடையே போய்ப் பார்த்தல்.

கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவரின் வேலை முடியவில்லை என்பதே இதன் அடிப்படை.

இதை வாசித்துக் காட்டியபோது ராத்தா சிரித்தார். "மருதமுனையில உம்மாட உம்மா நமக்குத் தறி பழக்கினது இப்படித்தானே!" என்றார். உண்மைதான். அவர் எங்களைப் பக்கத்தில் இருத்தி, அறுந்த நூலை மெதுவாக முடிந்து காட்டுவார். பிறகு எங்கள் கையில் தருவார். பிழைத்தால் ஏசமாட்டார், அவிழ்த்துவிட்டு மறுபடியும் தருவார்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ராத்தா உம்மாவுடன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், "நான் ஏசினது பிழை" என்றார். திங்கட்கிழமை அவள் வந்தாள். ராத்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதற்படியிலிருந்து தொடங்கினார். நான்காம் நாள் கொலர் நேராக வந்தது. ராத்தா இன்னும் மேற்பார்வையாளராகவே இருக்கிறார்.

மாணவிகளே, வகுப்புத் தலைவியாகவோ இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணியைப் பழக்குபவராகவோ இருக்கும்போதே இந்த நான்கு படிகளையும் செய்து பாருங்கள். பெற்றோரே, மகளிடம் ஒரு வேலையை மட்டுமல்ல, அதைத் தங்கைக்குப் பழக்கும் பொறுப்பையும் கொடுங்கள். நாளை அவளை நம்பிப் பத்துப் பேர் வேலை செய்யக்கூடும்.