மனையடியில் மின்சாரம்

கேள்வி: புது வீட்டு வேலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா, ஜெனரேட்டர் போதுமா, தற்காலிக இணைப்பு வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: அண்டை வீட்டாரின் நல்ல மனம் போற்றத்தக்கதே, ஆயினும் அந்த உபகாரத்தைத் தாங்கள் ஏற்பது உசிதமன்று. வீட்டு உபயோகத்துக்கென வழங்கிய மின்சாரத்தை வேறொரு மனையின் கட்டட வேலைக்குத் திருப்பினால், 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அது அங்கீகாரமற்ற உபயோகமாகக் கொள்ளப்பட்டு, உரிய விகிதத்தைப்போல் இரு மடங்கு கட்டணம் அவர் பேரிலேயே விதிக்கப்படலாம்.

மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிப்பதே நேர்வழி. யூனிட் விலை அதிகந்தான். ஆனால் கலவை இயந்திரமும் வைப்ரேட்டரும் டீசலிலோ பெட்ரோலிலோ ஓடுவனவாக வாடகைக்குக் கிடைப்பதால், தண்ணீர் மோட்டாருக்கும் கம்பி அறுப்பதற்கும் விளக்குக்குமே மின்சாரம் செலவாகும். ஜெனரேட்டர் ஓரிரு நாள் வேலைக்கு உதவும். மாதக் கணக்கில் கட்டுப்படியாகாது. மூடிய அறைக்குள் அதை ஓட்டினாலோ, புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இன்றிப் பிராணனைப் பறித்துவிடும்.

இவை அனைத்தினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சுவருக்கு நீர் விடும் சித்தாளின் அருகே, தோல் உரிந்த ஒயர் கிடப்பதை எத்தனையோ மனைகளில் காண்கிறோம். எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., மழை படாத பூட்டுப் பெட்டி, நடுவில் ஒட்டுப் போடாத கேபிள் ஆகிய இவற்றை, லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, கடைக்கால் தோண்டும் முன்னரே அமைத்துவிடுங்கள்.