டீசல் வண்டியின் துகள் வடிகட்டியும் எச்சரிக்கை விளக்கும்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபோது, பால் சேகரிக்கும் வண்டியொன்று சாவடிக்கு எதிரே நின்றுகொண்டிருப்பதைக் கண்டோம். வண்டி புதியது, வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆயினும் மேடு ஏற முடியாமல் திணறுவதாக ஓட்டுநர் கூறினார். "மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிப் பத்து நாளைக்கு மேலாகிறது, ஐயா. வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்" என்றார் அவர். பழுதுபார்க்கும் நிலையத்தில் அவ்வண்டி மூன்று நாள் நின்றது. அம்மூன்று நாளும் பாலை வாடகை வண்டியில் அனுப்ப நேர்ந்தது. விளக்கு எரிந்த முதல் நாளிலேயே இருபது நிமிட நேரத்தை ஒதுக்கியிருந்தால் இச்செலவு பெரும்பாலும் நேர்ந்திராது. அந்த இருபது நிமிடம் எதற்காக என்பதையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் விற்கப்படும் புதிய மோட்டார் வண்டிகள் யாவும் 'பாரத் ஸ்டேஜ் 6' என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. முந்திய விதியின்படி டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகளை வெளியிடலாம். புதிய விதியில் அந்த அளவு 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. டீசலில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியிருக்கிறது. ஆதலால் இவ்விதி நகரத்தாருக்கு மட்டும் ஏற்பட்டது என்று எண்ணுதல் கூடாது. பள்ளிக்கூட வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியின் புகை நம் குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளும் செல்கிறது.

இவ்விதியை நிறைவேற்றும் பொருட்டுப் பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொழிற்கூடங்களில் இதனை டி.பி.எஃப். என்பர். உலோகக் கூட்டினுள் தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதிலுள்ள நுண்ணிய குழல்களில் ஒன்றுவிட்டு ஒன்றின் வாய் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழலில் நுழைந்த புகை அடுத்த குழலுக்குச் செல்ல, இடையிலுள்ள சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்தே தீரவேண்டும். காற்று வெளியேறும், கரி சுவரில் தங்கிவிடும். நம் வீட்டில் காப்பி வடிகட்டும் முறையும் இதுவே. ஆனால் காப்பி வடிகட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக் கழுவுகிறோம். இதனை அவ்வாறு தினந்தோறும் கழற்றிக் கழுவ இயலாது.

அங்ஙனமாயின் சேர்ந்த கரி எங்கே போகும்? உள்ளேயே எரிந்து போகவேண்டும். அதிகச் சுமையுடன் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் புகை மிகுந்த வெப்பத்துடன் வருவதால், ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரி சென்டிகிரேடு வரையிலான சூட்டில் கரியின் ஒரு பகுதி தானாகவே கரைந்துவிடும். அது போதாதபோது, வண்டியிலுள்ள கணிப்பொறி சற்றே கூடுதலான டீசலைக் காலந்தாழ்த்திப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவிற்கு உயர்த்தும். அச்சூட்டில் கரி எரிந்து சுத்தமாகும். இதற்குச் சாதாரணமாகப் பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். இதனையே 'ரீஜெனரேஷன்' என்கிறார்கள். நாம் இதனை எரிசுத்தம் என்று அழைப்போம்.

இடையூறு இங்கேதான் தோன்றுகிறது. கிராமத்து வண்டியின் ஓட்டத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பால் வண்டி தெருவுக்கு ஒருமுறை நிற்கும். காய்கறி வண்டி தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து வந்து சந்தையில் நிற்கும். இயந்திரம் சூடேறுவதற்குள் சாவி திருப்பப்படுகிறது. எரிசுத்தம் தொடங்கினாலும் பாதியில் அணைந்துவிடுகிறது. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, பற்றிக்கொள்ளும் தருணத்தில் தண்ணீர் தெளிப்பதைப் போன்றது இது. பழைய வண்டிகளைக் கையாண்ட நம்மவர்கள், 'மெதுவாக ஓட்டினால் வண்டிக்கு ஆயுள் கூடும்' என்று பயின்றவர்கள். அப்பயிற்சி அக்காலத்து வண்டிக்குப் பொருந்தியது. புதிய வண்டிக்கோ, என்றும் மெதுவாகவே ஓடுவதும், இயந்திரத்தை அணைக்காமல் நெடுநேரம் நிறுத்தி வைப்பதும் தீங்கு செய்யும்.

வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளந்து, கரி எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கணிப்பொறி அறிகிறது. அளவு மிஞ்சினால் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். பெரும்பாலும் அது, உள்ளே புள்ளிகள் இட்ட குழாய்ப் பெட்டியின் உருவமாக இருக்கும். இவ்விளக்கு வண்டி பழுதாகிவிட்டது என்று சொல்வதில்லை. எரிசுத்தத்தை முடிக்க அவகாசம் வேண்டும் என்றுதான் கேட்கிறது. அன்றே அதனைக் கொடுத்தல் வேண்டும். வண்டியின் கையேட்டில் கூறியபடி, தங்குதடையில்லாத பெருஞ்சாலையில் ஒரு கியர் குறைத்து, இயந்திரம் நிமிடத்திற்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓடும்படி, சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். டீசல் மிகக் குறைந்திருந்தால் பல வண்டிகளில் எரிசுத்தம் தொடங்குவதே இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

விளக்கு எரியாமலே எரிசுத்தம் நடப்பதும் உண்டு. வண்டி நிற்கும்போது இயந்திரத்தின் சுற்று வழக்கத்தினும் சற்றுக் கூடியிருத்தல், நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி சுழலுதல், சூடான வாடை வீசுதல் ஆகியவை அதன் குறிகள். இவற்றைக் கண்டால், முடிந்தவரை இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகே வண்டியை அணைப்பது நலம்.

மஞ்சள் விளக்கைப் புறக்கணித்தால், அடுத்து இயந்திரப் பழுது விளக்கும் சேர்ந்து எரியும். வண்டியின் இழுவை குன்றும். நாம் கண்ட பால் வண்டி இந்நிலையில்தான் இருந்தது. இதன் பின் சாலையில் வேகமாக ஓட்டிச் சரிசெய்ய முயலுதல் தவறு. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கையில் ஒரேயடியாகத் தீப்பிடித்தால், சூடு எல்லை கடந்து பீங்கான் வெடிக்கவும் உருகவும் கூடும். தொழிற்கூடத்தில் கருவி கொண்டு செய்யும் எரிசுத்தமே அப்போது வழி. சிவப்பு விளக்கு எரிந்தாலோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

லாரிகள் சிலவற்றிலும் பெரிய இயந்திரங்களிலும், நின்ற இடத்திலேயே எரிசுத்தம் செய்வதற்குத் தனிச் சுவிட்ச் உண்டு. விவசாயிகள் இதில் மிகுந்த ஜாக்கிரதையுடன் இருத்தல் வேண்டும். அவ்வேளையில் புகைக்குழாய் முனையிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரிச் சூடுடையது. களத்து மேட்டிலோ, வைக்கோற்போருக்கு அருகிலோ, காய்ந்த புல்லின் மீதோ, கீற்றுக் கொட்டகையின் கீழோ இதனைச் செய்தல் ஒருபோதும் கூடாது. அறுவடைக் காலத்தில் ஒரு பொறி போதும். மூடிய கொட்டகையில் செய்தால் நச்சுப் புகை தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். வெறுந்தரையில், திறந்த வெளியில், கைப்பிரேக் இட்டு, பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பால் விலக்கிவிட்டுச் செய்க.

அடுத்து எண்ணெயைப் பற்றி. எரிசுத்தம் அடிக்கடி பாதியில் நின்றால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இயந்திர எண்ணெயுடன் கலக்கும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கையில் எண்ணெய் மட்டம் உயர்ந்திருக்கக் கண்டு, 'எண்ணெய் சற்றும் குறையவில்லை' என்று மகிழ்வோர் உளர். அது மகிழத்தக்கதன்று. நீர்த்துப்போன எண்ணெய் இயந்திரத்தைத் தேய்த்துவிடும்; உடனே மாற்றுதல் அவசியம். எண்ணெயும் கையேட்டில் குறித்த, சாம்பல் குறைந்த ரகமாகவே இருக்கவேண்டும். கரி எரியும், எண்ணெயிலுள்ள உலோக உப்புக்களின் சாம்பல் எரியாது. அடுப்பில் விறகு எரிந்த பின் சாம்பலை நாம்தானே அள்ள வேண்டியிருக்கிறது? அதுபோல் நெடுங்காலத்திற்குப் பின் வடிகட்டியைக் கழற்றிச் சாம்பல் நீக்கவோ, மாற்றவோ நேரும். மலிவான சில்லறை எண்ணெயும் கலப்பட டீசலும் அந்த நாளை விரைவில் கொண்டுவரும்.

விளக்கு அணைந்து சில நாளிலேயே மறுபடியும் எரிகிறதா? அப்படியானால் குறை வடிகட்டியில் இல்லாதிருக்கலாம். டீசல் பீய்ச்சி ஒழுகுதல், டர்போவில் எண்ணெய் கசிதல், காற்று வடிகட்டி அடைத்திருத்தல், அழுத்தம் அளக்கும் சிறு ரப்பர்க் குழாய் வெடித்திருத்தல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மூலகாரணத்தை விட்டுவிட்டு எரிசுத்தத்திற்கே திரும்பத் திரும்பப் பணம் கட்டுவது வீண்.

வடிகட்டியை அறுத்து உள்ளிருப்பதை அகற்றிவிடலாம் என்று யோசனை சொல்வோரும் உண்டு. கேட்பதற்கு அது எளிதாகவே தோன்றும். ஆயினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி, புகை விதியை மீறிய வண்டியை ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பஞ்சாயத்தின் பொறுப்பிலுள்ள வண்டியில் இதனைச் செய்வது எவ்வாற்றானும் தகாது.

இன்னொரு மயக்கத்தையும் இவ்விடத்தே தீர்த்தல் நன்று. பெரிய வண்டிகளில் யூரியாத் திரவத்திற்குத் தனித் தொட்டி உண்டு. அதற்கும் கரி வடிகட்டிக்கும் வேலை வேறு. நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் குறைப்பதற்கு ஏற்பட்டது அது. வயலுக்கு இடும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து அதில் ஊற்றினால் அவ்வமைப்பு முழுவதும் கெட்டுவிடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களும் சங்க நிர்வாகிகளும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஓட்டுநர் இருபது நிமிடம் பெருஞ்சாலையில் ஓட்டிவந்தால், 'டீசலை வீணாக்கினாய்' என்று அவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பால் வண்டி ஓட்டுநர் பத்து நாள் பேசாதிருந்ததற்கும் இவ்வச்சமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. வாரத்தில் ஓரிரு நாள், தெருச் சுற்று முடிந்ததும் இயந்திரத்தை அணைக்காமல் நேரே குளிரூட்டும் நிலையத்திற்குச் செல்லும்படி பாதையை அமைத்துக் கொடுக்கலாம். அதற்கான டீசலை முன்கூட்டியே அனுமதிக்கலாம். வண்டிப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டி, விளக்கு எரிந்த தேதி, அப்போதைய கிலோமீட்டர், அணைந்த நேரம் ஆகிய மூன்றையும் குறிக்கச் செய்யலாம். அந்த ஊரில் இப்போது அவ்வாறே எழுதி வருகிறார்கள்.