சிறகைப் பார்த்துப் பழ ஈயை அறிவோம்

பொன்னிறமாய்ப் பளபளக்கும் மாங்கனியை அறுத்தால் உள்ளே புழுக்கள் நெளிவதை நாம் கண்டிருக்கிறோம். அவை எப்படி உள்ளே புகுந்தன? பெண் பழ ஈ, காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு சதையைத் தின்று வளர்ந்து, பின் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகிறது. வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ இதுவன்று. அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

நம் நாட்டில் காணப்படும் பழ ஈக்களுள் நான்கினை இங்கு காண்போம். கண்ணாடி போன்ற சிறகும் மார்பில் மஞ்சள் கோடுகளும் கொண்டு, இவை உடன்பிறந்த சகோதரிகளைப் போல ஒத்திருக்கும். இறந்த ஈயை வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் சிறகை நோக்கினால் வேற்றுமை புலப்படும்.

1. டார்சாலிஸ்: மா, கொய்யாவைத் தாக்குவது. சிறகின் முன் ஓரத்தில் மெல்லிய கரும்பட்டை அறுபடாமல் நுனி வரை செல்லும்.

2. சொனாட்டா: இதுவும் அப்பழங்களையே நாடும். பட்டை தொடராது, நுனியில் சிறு பொட்டு மட்டும் இருக்கும்.

3. கரெக்டா: இதற்கும் நுனிப் பொட்டே. ஆகவே முகத்தைப் பார்க்க வேண்டும். சொனாட்டாவின் முகத்தில் இரு வட்டப் புள்ளிகள். கரெக்டாவுக்கோ அவை குறுக்கே நீண்டிருக்கும்.

4. குக்கர்பிடே: பாகல், புடல், பூசணியின் பகைவன். முன் ஓரப் பட்டை நுனியில் அகன்று பெரிய பொட்டாகும். குறுக்கு நரம்பின் மீதும் கருமை படிந்திருக்கும்.

இந்த அறிவால் என்ன பயன்? முதல் மூன்றின் ஆண் ஈக்கள், துளசியிலும் உள்ள மீத்தைல் யூஜினாலின் மணத்துக்கு மயங்கிப் பொறியில் விழும். நான்காவது அதற்கு வராது. அதற்குக் க்யூலூர் என்னும் மருந்து வேண்டும். மாந்தோப்புப் பொறியைப் பாகல் பந்தலில் தொங்கவிட்டால் விவசாயிக்குப் பணமும் வீண், காயும் வீண்!

பழ ஈ காணப்பட்டதால் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2015-இல்தான் அது நீங்கியது. ஒரு சிற்றுயிர் செய்த வேலையைப் பாருங்கள்!

எனினும் தோற்றம் மட்டும் போதாது. ஆப்பிரிக்காவில் பரவிய ஒரு பழ ஈக்கு 2005-இல் இன்வேடன்ஸ் என்று புதுப்பெயர் சூட்டினர். மரபணுவையும் இனச்சேர்க்கையையும் ஆராய்ந்த அறிஞர்கள், அது டார்சாலிசே என்று 2015-இல் தெளிவுபடுத்தினர். எனவே சிறகை முதற் சான்றாகக் கொள்வோம். ஐயம் எழுந்தால் வேளாண்மை அலுவலரிடம் ஈயைக் காட்டிக் கேட்போம்.