‘அக்விஃபர்’ என்னும் சொல்: பொருளும் வழக்கும்

கிணறுகளையும் குழாய்க்கிணறுகளையும் பற்றிய அறிக்கைகளில் ‘அக்விஃபர்’ என்னும் ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகின்றது. தமிழில் இதனை நீர்தாங்கி என்றும் நீர்கொள் படுகை என்றும் வழங்குவர். இச்சொல்லைப் பொருள் பிறழ ஆள்வதனால் குடியானவர் கடன்பட்டுத் தோண்டிய கிணறு பயனற்றுப் போதலும் கூடும். ஆதலின், இதன் வரையறையைக் களப் பணியாளரும் ஆசிரியரும் செவ்வனே அறிந்திருத்தல் வேண்டும்.

லத்தீன் மொழியில் ‘அக்வா’ என்பது நீரையும் ‘ஃபெர்ரே’ என்பது சுமத்தலையும் குறிக்கும். இச்சொற்பிறப்பை மட்டும் கொண்டு, நீர் உள்ள அடுக்கெல்லாம் அக்விஃபர் எனக் கருதுதல் பிழையாகும். கிணற்றுக்கோ ஊற்றுக்கோ பயன்படும் அளவில் நீரைத் தன்னுள் செல்லவிட்டு வெளியே தரும் அடுக்கிற்கே இப்பெயர் பொருந்தும்.

களிமண்ணின் கன அளவில் சுமார் 45 விழுக்காடு நுண்துளைகளாகும். மணலில் அது சுமார் 35 விழுக்காடே. ஆயினும், நீர் நிறைந்த மணல் தன் கன அளவில் ஏறத்தாழ 25 விழுக்காடு நீரை வடியவிடும். களிமண்ணோ 3 விழுக்காட்டளவே தரும். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. அவை நீரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அடியில் துளையிட்டுத் துணி கட்டிய இரண்டு தகரக் குவளைகளில் மணலையும் களிமண்ணையும் தனித்தனியே நிரப்பி, துளைகளை அடைத்து, நீரில் நன்கு ஊறவிடுக. பின்னர் அடைப்பை நீக்கினால் வேறுபாட்டை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

நீரை மிக மெதுவாகக் கசியவிடும் அடுக்கை ‘அக்விடார்டு’ என்பர். நீரைக் கொண்டிருந்தும் செல்லவிடாத அடுக்கு ‘அக்விக்லூடு’ எனப்படும். இவை யாவும் ஒப்புநோக்கி வழங்கும் பெயர்களே. மகாராட்டிரத்தின் பசால்ட்டுப் பாறைப் பகுதியில், சிதைந்த மேற்பாறையும் வெடிப்புகளும் தரும் சிறிதளவு நீரே சிற்றூர்க் கிணறுகளுக்கு ஆதாரம். அங்கு அது நீர்தாங்கியே. கங்கைச் சமவெளியின் பருமணல் அடுக்குகளோடு ஒப்பிட்டால் அது மிக எளியது. எனவே, ‘நீர்தாங்கி உண்டு’ என்று மட்டும் எழுதாது, அது எத்தேவைக்குப் போதுமானது என்பதையும் குறித்தல் நன்று.

நீர்மட்டமும் நீர்தாங்கியும் ஒன்றல்ல. மேலே தடையின்றி அமைந்த அடுக்கில், நீர் நிறைந்த பகுதியின் மேற்பரப்பே நீர்மட்டமாகும். இரு களிமண் அடுக்குகளிடையே அகப்பட்ட அடுக்கில் நீர் அழுத்தத்துடன் உள்ளது. 60 மீட்டர் ஆழத்தில் அத்தகைய அடுக்கைத் துளைத்தால், குழாயில் நீர் 10 மீட்டர் வரை ஏறி நிற்கலாம். இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நீர் தானே மேலெழுந்து வழியும் கிணறுகளும் உண்டு. ஆதலின், அடுக்கு எதிர்ப்பட்ட ஆழத்தையும் நீர் நிற்கும் ஆழத்தையும் தனித்தனியே பதிவு செய்க.

இவ்வேறுபாடு உயிர்நலத்தையும் சார்ந்தது. மேற்கு வங்காளத்தில் ஆர்செனிக் நஞ்சு பெரும்பாலும் மேலடுக்குகளின் நீரிலேயே காணப்படுகின்றது. களிமண்ணுக்குக் கீழுள்ள ஆழ்ந்த அடுக்குகளில் அது பொதுவாகக் குறைவு. எவ்வடுக்கின் நீர் என்று குறிப்பிடாத பதிவு அங்கே குடிப்போர்க்குக் கேடு விளைவிக்கக் கூடும். ஆழ்கிணற்று நீரையும் சோதித்த பின்னரே பருகத் தருதல் வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012ஆம் ஆண்டில் தொடங்கி 2023இல் நிறைவேற்றிய திட்டத்தின் வாயிலாகச் சுமார் 25 இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் நீர்தாங்கிகள் வரைபடமாக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர், ஓர் அடுக்கு எவ்வளவு நீரைக் கொண்டுள்ளது என்பதனோடு நில்லாது, எவ்வளவு தரும், எவ்வாழத்திலிருந்து தரும் என்பவற்றையும் கேட்டறிந்து, ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.